பென்னிகுவிக் துரையின் கடைசிக் காலம்
கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரின் குடும்பக் கதை

தேனியிலிருந்து கூடலூர் வரை எந்த ஊருக்குப் போனாலும் ஒரு படம் கண்ணில் படும். மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம்.

டீக்கடையில் இருக்கும். அரிசி மண்டியில் இருக்கும். பல வீடுகளில் சாமி படங்களுக்கு நடுவே, பொட்டும் பூவுமாக இருக்கும். வயதானவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு.

அவர்தான் ஜான் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர்.

அணை கட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். மேற்கே கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும்.

ஆனால், அணையை முடித்த பிறகு அவர் என்ன ஆனார்? அவருக்கு மனைவி உண்டா, மக்கள் உண்டா? எங்கே வாழ்ந்தார், எங்கே கண்ணை மூடினார்? இந்தக் கதை பலருக்குத் தெரியாது.

எட்டு வயதில் விழுந்த இடி

பென்னிகுவிக் பிறந்தது நம் நாட்டில்தான். 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, புனா நகரில் பிறந்தார்.

தகப்பனார் பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். அவர் பெரிய ராணுவ அதிகாரி. 24-வது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்தவர். அந்த வீட்டில் பிள்ளைகள் பலர். மூத்த பிள்ளைகளில் ஒருவன் அலெக்சாண்டர். அவனும் தகப்பனாரின் படையிலேயே சேர்ந்தான்.

1849-ம் ஆண்டு பஞ்சாபில் சீக்கியர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் கடும் யுத்தம் நடந்தது. ஜனவரி 13-ந் தேதி, சிலியன்வாலா என்ற இடத்தில் இரு படைகளும் மோதின. ஆங்கிலேயர் படைக்கு அன்று பெருத்த சேதம்.

படையை நடத்திச் சென்ற தகப்பனார் களத்திலேயே மாண்டார். அவர் விழுந்த இடத்தருகே மகன் அலெக்சாண்டரும் வெட்டுண்டு மாண்டான். அவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

ஒரே நாளில் ஒரு வீட்டில் இரண்டு சாவு!

இது நடந்த இரண்டாம் நாள், சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிரம்பியது. தந்தி இல்லாத காலம் அது. துக்கச் செய்தி குடும்பத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவனுடைய பிறந்த நாள் வந்து போயிருக்கும்.

விதவையான தாயார் சாரா, பிள்ளைகளை ஆளாக்கினார். ஜான் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் படித்தார். பிறகு ஆடிஸ்கோம் ராணுவக் கல்லூரியில் பொறியியல் கற்றார். 1860-ல் கப்பல் ஏறி மதராஸ் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19.

தகப்பனார் பிடித்தது வாள். மகன் பிடித்தது அளவுகோல். ஆனால், தகப்பனார் எந்த நாட்டில் மாண்டாரோ அந்த நாட்டுக்கே மகனும் வேலை பார்க்க வந்தார்.

38 வயதில் கலியாணம்

மதராஸில் பொதுமராமத்து இலாகாவில் உத்தியோகம். இடையில் அபிசீனியா யுத்தத்துக்கும் போய்வந்தார்.

ஓய்வு கிடைத்தால் அவர் நாடியது கிரிக்கெட் மைதானத்தைத்தான். அந்த ஆட்டத்தில் அவருக்கு அவ்வளவு பிரியம். சேப்பாக்கம் மைதானத்துக்கு அவர் பழக்கப்பட்ட மனிதர்.

கலியாணத்துக்கு அவர் அவசரப்படவில்லை. 1879-ல்தான் மணம் செய்துகொண்டார். அப்போது வயது 38. பெண்ணின் பெயர் கிரேஸ் ஜார்ஜியானா. அவளும் ராணுவக் குடும்பத்துப் பெண். தகப்பனார் ஷாமியர், லெப்டினன்ட் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர்.

இவர்களுக்குப் பெண்கள் ஐந்து பேர். மகன் ஒருவன்.

மகன் 1890-ல் பிறந்தான். அவனுக்கு ஜேம்ஸ் அலெக்சாண்டர் சார்லஸ் என்று பெயர் வைத்தார்கள். சார்லஸ் என்பது பென்னிகுவிக்கின் சகோதரர் பெயர். அவர் இலங்கையில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அலெக்சாண்டர் என்பது சிலியன்வாலாவில் தகப்பனாரோடு மாண்ட அண்ணன் பெயர்.

அண்ணன் செத்து 41 வருஷம் கழித்து அந்தப் பெயர் மறுபடியும் வீட்டில் ஒலித்தது.

காட்டிலே எட்டு வருஷம்

1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. மதுரைச் சீமை வெந்து போனது. பெரியாற்றைத் திருப்பவேண்டும் என்ற பழைய யோசனைக்கு அதன் பிறகு வேகம் பிறந்தது. 1882-ல் அந்தத் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1887-ல் வேலை தொடங்கியது.

கலியாணம் ஆகி எட்டே வருஷம். வீட்டில் சின்னஞ்சிறு குழந்தைகள். அந்த நேரத்தில்தான் அவர் மலை ஏறினார்.

அணை கட்டிய இடம் மனிதர் குடியிருக்கும் இடம் அல்ல. யானையும் புலியும் திரியும் அடர்ந்த காடு. கூடலூரிலிருந்து சாமான்கள் மலை ஏறவேண்டும். சுண்ணாம்பும் அரிசியும் மாட்டு வண்டியில் போகவேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் மாதக்கணக்கில் செய்த வேலை ஒரே இரவில் போய்விடும். அப்படிப் போகவும் செய்தது.

எல்லாவற்றையும்விடக் கொடியது காய்ச்சல். கோடை வந்தால் மலேரியா தாண்டவம் ஆடும். அந்த மாதங்களில் வேலையை நிறுத்தி, ஆட்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். மழைக்காலம் தொடங்கியதும் மறுபடியும் மேலே ஏறுவார்கள்.

அப்படிப்பட்ட இடம் குழந்தை குட்டிகளோடு குடித்தனம் நடத்தும் இடமா?

அந்தக் காலத்து வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஆறு ஏழு வயது ஆனதும் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். தகப்பன் இந்தியாவில், பிள்ளைகள் இங்கிலாந்தில். நடுவே வாரக்கணக்கில் கடல். கடிதம்தான் உறவு. மகளின் பல் விழுந்ததும், மகன் எழுத்துக் கற்றதும் கப்பலில் வரும் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். பென்னிகுவிக் போன்றவர்களின் குடும்ப வாழ்க்கை அப்படிப்பட்ட காலத்தில் நடந்தது.

அவருக்கு 46 வயதில் தொடங்கிய வேலை 54 வயதில் முடிந்தது. 155 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் மலையைத் துளைத்துச் சென்றது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவைத்தார். அந்த ஆண்டே அரசாங்கம் பென்னிகுவிக்குக்கு சி.எஸ்.ஐ. பட்டம் கொடுத்தது.

பட்டம் வாங்காதவர்களும் உண்டு. அணை வேலையின்போது நோயில் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு. அணைக்கு அருகிலேயே அவர்களைப் புதைத்தார்கள். மண் சுமந்த அந்தக் கூலிகளுக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சீமையிலிருந்து கடிதம் வரவில்லை. அவர்களுடைய சாவுச் செய்தியும் எத்தனை குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ!

சொத்தை விற்றாரா?

பள்ளத்தாக்கில் ஒரு கதை சொல்வார்கள். கட்டிய அணை வெள்ளத்தில் போனதாம். அரசாங்கம் இனிப் பணம் இல்லை என்று கையை விரித்துவிட்டதாம். பென்னிகுவிக் சீமைக்குப் போய்ப் பரம்பரைச் சொத்தை விற்று, மனைவியின் நகைகளையும் விற்று, அந்தப் பணத்தில் அணையை முடித்தாராம்.

கேட்பவர்கள் கண் கலங்கும் கதை. ஆனால், இதற்கு ஆதாரமான பத்திரம் எதுவும் இதுவரை வெளிவரவில்லை. அணை கட்டிய செலவு முழுவதும் மதராஸ் அரசாங்கத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அவரோடு வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி, அணையின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதினார். 1899-ல் அது வெளிவந்தது. அணைக்குப் போன பணம் அரசாங்கப் பணம் என்பதைத்தான் அதுவும் காட்டுகிறது.

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். வருத்தப்பட வேண்டியதில்லை. விற்ற சொத்தை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் வளர்ந்த வருஷங்களை வாங்க முடியுமா? நாற்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட வாழ்வை, காய்ச்சல் பிடித்த காட்டுக்குக் கொடுத்தாரே, அது சொத்தைவிடப் பெரியது. அது கட்டுக்கதையும் அல்ல.

சீமையில் புது வாழ்வு

1896-ல் பென்னிகுவிக் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். 19 வயதில் வந்தவர் 55 வயதில் திரும்பினார். இடையில் ஓடியது 36 வருஷம்.

ஓய்வு என்று சொன்னோம். ஆனால், அவர் சும்மா உட்காரவில்லை. அதே ஆண்டில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த ராயல் இந்திய என்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார்.

அது என்ன கல்லூரி தெரியுமா? இந்தியாவில் வேலை பார்ப்பதற்காகவே பொறியாளர்களைத் தயார் செய்யும் கல்லூரி. இந்தியாவில் அணை கட்டவும், பாலம் போடவும், தந்திக்கம்பி இழுக்கவும் இங்கிருந்துதான் வாலிபர்கள் கப்பல் ஏறினார்கள். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதியைப் பார்த்த ஒரு குன்றின்மேல் அது இருந்தது. குன்றின் அடியில் ரன்னிமீட் புல்வெளி. ஜான் மன்னர் மக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு 1215-ல் சம்மதித்த இடம் அது.

பெரியாற்றுக் காட்டில் இருந்தவருக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும்! யானைப் பிளிறல் இல்லை. கொசு இல்லை. வெள்ளம் அணையை அடித்துப் போகுமோ என்று நடு இரவில் விழிக்கவேண்டியதில்லை. மழை பெய்தால் ஜன்னலைச் சாத்தினால் போதும்.

பென்னிகுவிக் தம்பதியின் மூத்த பிள்ளைக்கு அப்போது பதினேழு வயதைத் தாண்டியிராது. கடைசியில் இருந்த மகனுக்கு ஆறு வயது. அநேகமாக, குடும்பம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் நெடுநாள் சேர்ந்து வாழும் பாக்கியம் அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது.

கல்லூரியில் மாணவர்களுக்குக் கிரிக்கெட்டும் கால்பந்தும் உண்டு. ஆட்டத்தில் பிரியமுள்ள தலைவருக்கு அது ஒத்துப்போயிருக்கும். 1897-ல் லண்டனில் சிவில் என்ஜினீயர்கள் சங்கத்துக்காக, பெரியாற்றைத் திருப்பிய விதத்தைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். மூடுபனி சூழ்ந்த லண்டனில் படித்த மனிதர்கள், முல்லையாறு சேரும் இடத்தையும் கூடலூர்க் கணவாயையும் பற்றிப் பேசினார்கள்.

மறுபடியும் கப்பல்

1893 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தை வெள்ளம் விழுங்கியது. ஆற்றின் பெரிய பாலமே அடித்துக்கொண்டு போனது. இனி இப்படி நடக்காமல் தடுக்க என்ன வழி என்று குவீன்ஸ்லாந்து அரசாங்கம் யோசித்தது. யாரைக் கேட்பது?

பெரியாற்றின் வெள்ளத்தோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டியவரைக் கூப்பிட்டார்கள்.

1899-ல் பென்னிகுவிக் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அவருக்கு அப்போது 58 வயது. அந்தக் காலத்தில் அது ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கப்பல் பயணம். பிரிஸ்பேன் ஆற்றைப் பார்த்து யோசனை சொன்னார்.

அதே ஆண்டில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரிப் பதவியும் முடிந்தது. புது வீட்டு வாழ்வுக்கு மூன்று வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. மறுபடியும் கடல், மறுபடியும் ஆறு! தண்ணீர் அவரை லேசில் விடவில்லை.

காம்பர்லி என்ற ஊர்

கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்தது காம்பர்லி என்ற ஊரில். லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 30 மைல் தொலைவு. சர்ரே மாகாணத்தைச் சேர்ந்தது.

அது பழைய ஊர் அல்ல. ராணுவக் கல்லூரிகளை ஒட்டி வளர்ந்த ஊர். பக்கத்தில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி. சுற்றிலும் மணல் பாங்கான மேட்டு நிலமும், பைன் மரங்களும். ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள் அங்கே வீடு கட்டிக்கொண்டு தங்கினார்கள். இந்தியாவில் காலம் கழித்தவர்களும் அவர்களில் உண்டு. வெற்றிலை பாக்கு இல்லாத ஒரு அக்கிரகாரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாசலில் நின்று பழைய படைக் கதை பேச ஆள் பஞ்சம் இராது.

ஊருக்குப் பக்கத்தில் ஃபிரிம்லி என்ற கிராமம். அங்கே ஒரு பழைய கால்வாய் ஓடுகிறது. படகுகளில் சரக்கு ஏற்றிப்போக வெட்டிய கால்வாய். பேசிங்ஸ்டோக் கால்வாய் என்று பெயர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்க வரிசையாக மடைக்கதவுகள் உண்டு. பெரியாற்றைத் திருப்பியவரின் கடைசி நாட்களிலும் கூப்பிடு தூரத்தில் மனிதன் வெட்டிய ஒரு கால்வாய் இருந்தது.

பெரிய செல்வர் என்று அவரைப் பற்றிப் பேச்சு இல்லை. உலகம் அவரை மெல்ல மறந்துகொண்டிருந்தது. மகன் மட்டும் தகப்பனாரின் வழியிலேயே நடந்தான். பொறியாளர் படையில் அதிகாரியாகச் சேர்ந்தான்.

மூடப்பட்ட கல்லூரி

அந்த நாட்களில் ஒரு செய்தி வந்தது. கூப்பர்ஸ் ஹில் கல்லூரியை மூடிவிடுவது என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. 1906-ல் கல்லூரியின் கதவு சாத்தப்பட்டது.

அவர் தலைமை தாங்கிய கல்லூரி அவர் கண்ணெதிரே இல்லாமல் போயிற்று. எட்டு வயதில் தகப்பனை இழந்தார். அண்ணனை இழந்தார். காட்டில் உடன் உழைத்தவர்களை இழந்தார். அறுபத்தைந்து வயதில், தமக்குப் பின்னும் நிற்கும் என்று நம்பியிருக்கக்கூடிய கல்லூரியையும் இழந்தார்.

ஆனால், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அணை நின்றது. வருஷந்தோறும் மழை வந்தது. வருஷந்தோறும் தண்ணீர் இறங்கியது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் நாற்று நட்டார்கள். வைகையில் கலந்த தண்ணீர் மேலூர் வரை போனது. பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் அரிசிச் சோறு சாப்பிட்டார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள்

1911-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, காம்பர்லி வீட்டில் பென்னிகுவிக் காலமானார். வயது 70. நம் கணக்கில் அது மாசி மாதம்.

ஃபிரிம்லியில் செயின்ட் பீட்டர் தேவாலயத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அன்று கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் கடை அடைக்கவில்லை. எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. செய்தி தெரிந்தால்தானே!

மூன்று வருஷம் கழித்து முதல் உலக யுத்தம் மூண்டது. மகன் ஜேம்ஸ் அலெக்சாண்டர் சார்லஸ் பிரான்சுக்குப் போனான். 1914 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை பின்வாங்கியது. எதிரி தொடர்ந்து வராமல் தடுக்க, பாந்துவாஸ் என்ற இடத்தில் பாலத்தைத் தகர்க்கவேண்டும். அந்த வேலையைத் துணிச்சலோடு செய்து முடித்தவர்களில் அவனும் ஒருவன். அதற்காக டி.எஸ்.ஓ. என்ற உயர்ந்த விருது கிடைத்தது.

தகப்பன் ஆற்றைக் கட்டிப் பெயர் எடுத்தார். மகன் ஆற்றுப் பாலத்தை உடைத்துப் பெயர் எடுத்தான். காலம் செய்த கோலம்! ஆனால், பாட்டனாரும் பெரியப்பாவும் போன வழியில் அவன் போகவில்லை. யுத்தத்திலிருந்து உயிரோடு திரும்பினான். அலெக்சாண்டர் என்ற பெயர் இந்த முறை பிழைத்தது.

கல்லறையைத் தேடிப் போனவர்கள்

நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லறை அமைதியாகக் கிடந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இங்கிலாந்து சென்ற தமிழர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மாலை போட்டார்கள். பென்னிகுவிக் வம்சத்தைச் சேர்ந்தவர்களைத் தேடிப் பேசினார்கள். அவர்களில் சிலர் தேனி மாவட்டத்துக்கு வந்து, தங்கள் முன்னோரின் படம் இங்கே சாமி படங்களோடு இருப்பதைப் பார்த்து மலைத்துப் போனார்கள்.

2013-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி புதிய பஸ் நிலையத்துக்கு அவர் பெயர். 2022 செப்டம்பரில், அவர் கடைசியாக வாழ்ந்த காம்பர்லியிலேயே தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது. அந்த ஊர்க்காரர்களில் பலர், தங்கள் ஊரில் இப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டிருப்பார்கள்!

அவர் பிறந்த ஜனவரி 15, பொங்கலோடு சேர்ந்து வருகிறது. பாலார்பட்டியில் அன்று ஊரே திரண்டு அவருக்குப் பொங்கல் வைக்கிறது. பெண்கள் பானையில் அரிசி இடுகிறார்கள். மாடுகளுக்குப் பொட்டு வைக்கிறார்கள்.

எட்டாவது வயதில் அந்தச் சிறுவனின் பிறந்த நாள் சாவு வீட்டுப் பிறந்த நாளாகப் போயிற்று. இன்று அதே நாளில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பால் பொங்குகிறது.